கெடாத உணவில் உறையும் கேடு

உணவு கெட்டுவிட்டதைச் சொல்ல நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சோறு ஊசிப்போகிறது, மாவு புளித்துவிடுகிறது, பழம் அழுகுகிறது, ரொட்டியில் பூசணம் பூக்கிறது, பழைய பலகாரத்தில் சிக்கு வாடை வீசுகிறது. இவை யாவும் கண்ணும் மூக்கும் நாக்கும் தந்த அறிவில் பிறந்த சொற்கள். ஆனால், மணமும் சுவையும் சிறிதும் குன்றாமலே உண்டவரைப் படுக்கையில் வீழ்த்தும் உணவை என்னவென்று அழைப்பது? ‘மாசுபட்ட உணவு’ என்று இன்று எழுதுகிறோம். அஃது அலுவலகச் சொல்லேயன்றி அடுக்களைச் சொல் அன்று. கால்நடைகளின் வழியாக நம் தட்டை அடையும் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பேசும்போது, இந்தச் சொற்குறையை நாம் அடிக்கடி உணர்கிறோம்.

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள் வேறு. உண்டவரைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள் வேறு. முன்னவை பெருகும்போது நாற்றத்தையும் புளிப்பையும் வெளியிட்டு நம்மை எச்சரித்துவிடுகின்றன. பின்னவை அத்தகைய நாகரிகம் அறியாதவை. அவற்றுள் பல, கால்நடையின் குடலில் அதற்கு யாதொரு தீங்கும் செய்யாமல் குடியிருப்பவை. நோயுற்ற விலங்கை ஒதுக்கிவிட்டால் இறைச்சி தூயதாகிவிடும் என்னும் பழைய நம்பிக்கை இங்கே தோற்றுப்போகிறது.

சால்மொனெல்லா இதற்குத் தக்க சான்று. 1885ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்பார் பன்றிகளிடம் இதனைக் கண்டார். ஆயினும், அவருடைய மேலதிகாரியாகிய கால்நடை மருத்துவர் டேனியல் சால்மனின் பெயரே நிலைத்தது. (சால்மன் மீனுக்கும் இதற்கும் உறவில்லை.) இதன் வகைகளுள் ஒன்றான எண்டெரிடிடிஸ், முட்டையிடும் கோழியின் சூலகத்தையும் முட்டைக்குழாயையும் சென்றடைகிறது. கோழி வாடுவதில்லை, வழக்கம்போல் முட்டையிடுகிறது. ஓடு உருவாகும் முன்னரே கிருமி உள்ளே புகுந்துவிடுவதால், ஓட்டை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் பயனில்லை.

இருந்தும் முட்டை ஏதுமற்றதன்று. வெள்ளைக்கருவிலுள்ள புரதங்கள் இரும்புச்சத்தைக் கட்டிவைத்து, கிருமியைப் பட்டினி போடுகின்றன. கிருமிக்கு வேண்டிய விருந்து மஞ்சள்கருவில் இருக்கிறது. இடையே ஒரு மெல்லிய சவ்வு காவல் நிற்கிறது. நாள் செல்லச் செல்ல, அதிலும் வெப்பமான இடத்தில் வைத்தால், அச்சவ்வு தளர்ந்து சத்துகள் வெளியே கசிகின்றன. முதலில் சிலவாக இருந்த கிருமிகள் அதன்பின் பல்கிப் பெருகுகின்றன. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில், முட்டைத் தட்டைச் சமையலறை மேடையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பதன் பொருள் இதுதான்.

இச்சிக்கல் பிரிட்டனில் ஓர் அமைச்சரின் பதவியையே பறித்தது. 1988 டிசம்பரில், நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மொனெல்லா இருப்பதாகச் சுகாதாரத் துறை இணையமைச்சர் எட்வினா கறி கூறினார். முட்டை விற்பனை சரிந்தது, பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தனர், இரண்டு வாரங்களுக்குள் அவர் பதவி விலகினார். அவர் மிகைப்படுத்தினார் என்பது உண்மையே. எனினும், கோழிக் கூட்டங்களில் கிருமி பரவியிருந்ததும் பொய்யன்று. தீர்வு அரசியல் மேடையில் கிட்டவில்லை. 1998இல் தொடங்கிய சிங்க முத்திரைத் திட்டத்தின்கீழ்க் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. நோய் வெகுவாகக் குறைந்தது. 2017இல், அம்முத்திரையுள்ள முட்டைகளைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காட்டில் உண்ணலாம் என அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது.

காப்பிக்கடையில் மிளகுத்தூளும் சோயா சாறும் விட்டு அரைவேக்காட்டு முட்டை உண்ணும் நாம், இச்செய்தியை நமக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளலாகாது. அவ்வுறுதி அந்த முத்திரைக்கும் அதன் பின்னுள்ள தடுப்பூசிக்கும் உரியது. பண்ணை அறியாத முட்டையை வீட்டிலுள்ள முதியோருக்கும் சிறுவருக்கும் மஞ்சள்கரு இறுகும்வரை வேகவைத்துக் கொடுப்பதே தகும்.

மாட்டின் குடலில் வாழும் இ.கோலி ஓ157 இன்னும் கொடியது. அதன் நச்சு பற்றிக்கொள்ளும் இடம் மாட்டின் இரத்தக்குழாய்களில் இல்லை. குழந்தைகளின் சிறுநீரகத்தில் நிறைய உண்டு. அறுப்பின்போது குடற்கழிவும் தோலும் பட்டு அது இறைச்சியின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. முழுத்துண்டாயின் அடுப்பின் சூடு மேற்பரப்பைச் சுட்டுக் கொன்றுவிடும். அரைத்தாலோ மேற்பரப்பே உள்ளாகிவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; குழந்தைகள் நால்வர் இறந்தனர். அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசை எட்டவேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. நீண்டநேரம் கொதிக்கும் நம் கொத்துக்கறி இதனை எளிதில் கடந்துவிடுகிறது. கல்லில் அவசரமாகப் புரட்டிய பர்கரைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

இறுதியாக, நம் வீடுகளில் பூசலை மூட்டக்கூடிய ஒன்று: கோழியைக் கழுவுதல். கோழிக்கறியில் இயல்பாகக் காணப்படும் காம்பைலோபாக்டர் குழாய்நீரில் சாவதில்லை. நீர்த்திவலைகளோடு தெறித்து, அருகே நறுக்கி வைத்த வெள்ளரியின்மீது படிகிறது. கறி வெந்துவிடும், வெள்ளரி வேகாது. மஞ்சளிட்டுக் கழுவாத கறியை எப்படி உண்பது என்று கேட்போர், பாத்திரத்தில் நீர் நிரப்பி மெல்ல அலசி, அந்நீரைத் தெறிக்காமல் வடித்து, தொட்டியையும் பலகையையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே கீரைக்கட்டைப் பிரிக்கட்டும்.