உங்களுக்குத் தெரியுமா? ரப்பர் பாலுக்குள் ஒரு மருந்து

● திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் உள்ள இந்துஸ்தான் லேடெக்ஸ் (இன்று எச்.எல்.எல். லைஃப்கேர்) ஆலை 1969 ஏப்ரல் 5 அன்று உற்பத்தியைத் தொடங்கியது. தொழில்நுட்பம் தந்தது ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனம். ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த ‘நிரோத்’ ஆணுறைகள் இங்கே தயாரானவை.

● அவற்றுக்கு மூலப்பொருள் ரப்பர் பால். விடியற்காலையில் வெட்டி எடுக்கும் பால் சில மணி நேரத்தில் திரிந்து கட்டியாகிவிடும். அமோனியா சேர்த்தால் மாதக்கணக்கில் கெடாது. ஆலைக்குப் போவது, தண்ணீரைக் குறைத்து 60 சதவீதம் ரப்பர் இருக்கும்படி செறிவாக்கிய பால்.

● அந்தப் பாலை அப்படியே காயவைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும். 1839-இல் இதைக் கண்டறிந்தவர் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர்.

● கந்தகம் மட்டும் என்றால் வேலை முடிய மணிக்கணக்காகும். 1906-இல் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர் அனிலின் சேர்த்து அந்த நேரத்தைக் குறைத்தார். பின்னால் வந்த ‘தையூரம்’ வகை முடுக்கிகள் இன்னும் வேகமானவை. 100 கிலோ ரப்பருக்கு ஒரு கிலோ அளவிலேயே நிமிடக்கணக்கில் வேலையை முடித்துவிடும்.

● ரப்பர் கையுறை போட்டால் சிலருக்கு மணிக்கட்டு வரை சிவந்து அரிக்கும். பல நேரங்களில் காரணம் ரப்பர் அல்ல. அதில் தங்கிவிட்ட தையூரம், கார்பமேட் போன்ற முடுக்கிகள். இவை சேர்க்காத கையுறைகளும் கிடைக்கின்றன.

● 1937-இல் அமெரிக்க ரப்பர் ஆலை மருத்துவர் ஒருவர் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். தையூரத்தோடு புழங்கிய தொழிலாளர்கள் கொஞ்சம் மது குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து அவதிப்பட்டார்கள்.

● அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘டைசல்ஃபிராம்’ என்ற ரப்பர் முடுக்கியில் இதே விளைவை 1940-களில் டென்மார்க் ஆய்வாளர்கள் ஹால்டும் யாகோப்சனும் தங்கள் உடம்பிலேயே கண்டார்கள். மதுவை உடல் முழுதாகச் செரிக்கவிடாமல் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுக் கட்டத்திலேயே அது தடுத்து நிறுத்திவிடுகிறது. குடியை விட நினைப்பவர்களுக்கு இன்றும் மருத்துவர்கள் தரும் மாத்திரைகளில் ஒன்று இது.

● கணவரோ மகனோ குடியை விட்டால் போதும் என்ற தவிப்பில் இந்த மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அவருடைய சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து இது.