அழைப்பு 60 ஆயிரம் பேருக்கு. சேர்ந்தவர்கள் 8,700 பேர்!

புது தில்லி: படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்களைப் பெரிய நிறுவனங்களில் அமர்த்திப் பழக்குவதற்காக மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முதல் சுற்றில், அழைப்புப் பெற்றவர்களில் ஏழில் ஒருவரே பயிற்சியில் சேர்ந்தார். வாய்ப்பை உருவாக்கினால் மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகிறது.

2024 மக்களவைத் தேர்தலில் வேலையின்மை முக்கியப் பிரச்னையாகப் பேசப்பட்டது. 25 வயதுக்கு உள்பட்ட பட்டதாரிகளுக்கும் பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கும் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் உதவித்தொகையுடன் தொழில் பழகுநர் உரிமை வழங்கப்படும் என்று காங்கிரஸ் தனது தேர்தல் அறிக்கையில் கூறியிருந்தது. தேர்தலுக்குப் பின் ஜூலை 23-ஆம் தேதி நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், முன்னணி 500 நிறுவனங்களில் ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும் என அறிவித்தார். தங்களது யோசனையே பெயர் மாற்றி அறிவிக்கப்பட்டிருப்பதாக காங்கிரஸ் விமர்சித்தது.

முன்னோட்டத் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. வயது வரம்பு 21 முதல் 24. பயிற்சிக் காலம் 12 மாதங்கள். சுமார் 280 நிறுவனங்கள் 1.27 லட்சம் இடங்களை அறிவித்தன. 6.21 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 82 ஆயிரம் அழைப்புகள் அனுப்பப்பட்டன. ஏற்றவர்கள் 28 ஆயிரம் பேர்; சேர்ந்தவர்கள் 8,700 பேர் மட்டுமே. திட்டத்துக்கு 2024-25-இல் ஒதுக்கப்பட்ட ரூ.2,000 கோடி, திருத்திய மதிப்பீட்டில் ரூ.380 கோடியாகச் சுருங்கியது.

தொலைவும் செலவும்

பணியிடத்தின் தொலைவு, பணியின் தன்மை, பயிற்சிக் காலத்தின் நீளம் ஆகியவையே இளைஞர்களின் தயக்கத்துக்குக் காரணங்கள் என நாடாளுமன்றத்தில் அரசு விளக்கம் அளித்தது.

தொடக்கத்தில் நிர்ணயிக்கப்பட்ட உதவித்தொகை மாதம் ரூ.5,000. இதில் ரூ.500-ஐ நிறுவனமும், ரூ.4,500-ஐ அரசும் வழங்கும். வருகைப் பதிவைச் சரிபார்த்து நிறுவனம் தன் பங்கை அளித்த பிறகே அரசின் பங்கு வங்கிக் கணக்கில் சேரும். ஒருமுறை வழங்கப்படும் ரூ.6,000-மும் பயிற்சியில் சேர்ந்த பின்னர்தான் கிடைக்கும். பிகாரின் கிராமத்திலிருந்து குருகிராமுக்கோ புணேவுக்கோ செல்லும் இளைஞர், ரயில் கட்டணத்தையும் அறைக்கான முன்பணத்தையும் முதல் மாதச் சாப்பாட்டுச் செலவையும் சொந்தக் கையிலிருந்தே போட வேண்டும். கடன் வாங்கித்தான் புறப்பட முடியும் என்ற நிலையில், ஓராண்டுக்குப் பின் வேலை உறுதியில்லாத பயிற்சியைக் குடும்பங்கள் எளிதில் ஏற்பதில்லை.

2025 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் சுற்றில், வீட்டிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் உள்ள இடங்களைத் தேடும் வசதி இணையதளத்தில் ஏற்படுத்தப்பட்டது. இது நல்ல திருத்தமே. ஆனால், பெருநிறுவனங்களே இல்லாத மாவட்டங்களின் இளைஞர்களுக்கு அந்தத் தேடலால் பயன் குறைவு.

வழிகாட்டி யார்?

பயிற்சி அளிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம். பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். புதிய திட்டத்திலோ நிறுவனங்களின் பங்கேற்பு விருப்பத்தின்பாற்பட்டதாகவே வைக்கப்பட்டது.

பயிற்சிக் காலத்தில் பாதியாவது வகுப்பறையில் அல்லாமல் நேரடிப் பணிச்சூழலில் கழிய வேண்டும் என்கிறது திட்ட விதி. குடும்பத்தில் முதன்முறையாக அலுவலக வாசலை மிதிக்கும் இளைஞருக்கு, தங்குமிடம் தேடுவது முதல் அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பது வரை துணைநிற்க, பொறுப்பேற்ற மூத்த ஊழியர் ஒருவர் தேவை. அவர் இல்லையெனில், ஓராண்டு முடிவில் மிஞ்சுவது சான்றிதழ் மட்டுமே.

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயதுக்கு உள்பட்டோரிடையே வேலையின்மை 10.2 சதவீதம். எத்தனை இடங்கள் அறிவிக்கப்பட்டன என்பதைவிட, எத்தனை பேர் பயிற்சியை முடித்தனர், அவர்களில் எத்தனை பேர் வேலை பெற்றனர் என்பதே திட்டத்தின் உரைகல். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டிய கணக்கும் அதுவே.