கல்லில் எழுதாத வரலாறு

இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுள்ள கற்கோவில்கள் இன்றும் நிற்கின்றன. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிய வேண்டுமென 1538-ஆம் ஆண்டிலேயே அங்குக் கட்டளை பிறந்தது. ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோவில் கதவைத் தட்டினால் போதும்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் விசுவாசத்தின் வயது நானூறு ஆண்டு. ஆயினும் அதன் தொடக்கத்தை நாம் கல்லில் காண்பதற்கில்லை. இயேசு சபைக் குருக்கள் எழுதிய மடல்களில்தான் காண்கிறோம்.

1623-ஆம் ஆண்டு தத்துவ போதகராகிய இராபர்ட் தே நோபிலி அடிகளார் மதுரையை விட்டு வடதிசை நோக்கிப் புறப்பட்டார். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில், மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்திவந்த இராமச்சந்திர நாயக்கர் அவரை மதிப்புடன் வரவேற்றார். சேலத்திலோ தங்க இடம் கொடுப்பாரில்லை. நோயுற்ற நிலையில் சத்திரத்தில் கிடந்தார் அந்த உரோமை உயர்குடிப் புதல்வர். பின்னரே மக்கள் மனம் இளகிற்று. ஆட்சியைத் தம் இளவலிடம் இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் மறையுரை கேட்டு, 1625-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவன்று மோரமங்கலத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

அரச குடும்பத்தாரை விரிவாகப் பேசும் ஏடுகள் குடிசைவாழ் எளியோரை அவ்வளவாகப் பேசவில்லை. நோபிலியார் மேற்கொண்ட சந்நியாச ஒழுக்கம் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இடந்தரவில்லை. 1640-ஆம் ஆண்டு பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டாரசுவாமி கோலம் பூண்ட பின்னரே அவ்வழி அகலத் திறந்தது. இதை மறைத்து வரலாறு எழுதுவது நம் முன்னோருக்கு நீதியன்று.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதன்பின் பாரீசு வேதபோதக சபையார் இப்பணியை ஏற்றனர். 1930-ஆம் ஆண்டு சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. அச்சபையைச் சேர்ந்த பிரூனியே ஆண்டகை அதன் முதல் ஆயரானார்.

இன்று பல ஊர்களில் ஓட்டுக் கோவிலை இடித்துக் கான்கிரீட்டுக் கோவில் எழுப்புகிறோம். மக்கள் பெருகும்போது அது தேவையே, குறைகூற மாட்டேன். ஆனால் அடித்தளக்கல்லோடு பழம் பெயர்ப்பலகையும் குப்பைக்குப் போவதேன்? இடிக்குமுன் கோவிலின் நாற்புறமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். கறையான் தின்னும் பதிவேட்டைப் படியெடுங்கள். கல்லறைத் தோட்டத்துப் பெயர்களை எழுதிக்கொள்வது ஒருநாள் வேலை. இளைஞர் மூவர் இருந்தால் போதும்.