நுண்ணோக்கிப் படமும் சொற்பொழிவுத் திரையும்

நுண்ணோக்கியில் தாம் கண்டதைப் பிறர்க்கும் காட்ட விழைவது அறிவியலாரின் பழைய வேட்கையாகும். 1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில் தெள்ளுப்பூச்சியின் படம் பக்கத்தில் அடங்காமையால் மடிப்புத் தாளில் அச்சிடப்பெற்றது. இன்று தாளின் இடத்தைத் திரை பெற்றுள்ளது. தாளை விரிக்கலாம், திரையின் புள்ளிகளோ எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவை.

ஈண்டு இரு சொற்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பொருளை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பது உருப்பெருக்கம். அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றல் பகுதிறன். இதனைப் பிரிதிறன் என்பாரும் உளர். பகுதிறனுக்கு ஒளியின் அலைநீளம் எல்லை வகுக்கிறது என்பதை எர்னஸ்ட் அபே 1873-இல் நிறுவினார். வழக்கமான ஒளி நுண்ணோக்கியில் அவ்வெல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர். மின்னணு நுண்ணோக்கி அதனினும் மிக நுண்ணியவற்றைப் பிரித்துக் காட்டும். சொற்பொழிவாற்றுவோர் பலர் தம் கருவியின் பகுதிறனைப் பெருமிதத்துடன் கூறுவர். திரையின் பகுதிறனை எண்ணிப் பார்ப்பதில்லை.

செல் சவ்வினை எடுத்துக்கொள்வோம். மின்னணு நுண்ணோக்கியில் அது இரு கருங்கோடுகளாகவும் அவற்றிடையே ஒரு வெளிர்கோடாகவும் தோன்றும். மூன்றும் சேர்ந்த தடிமன் ஏறத்தாழ 7.5 நானோமீட்டர். நீளத்திலும் அகலத்திலும் 4096 புள்ளிகள் கொண்ட படத்தில், புள்ளி ஒன்று 1 நானோமீட்டரைக் குறிப்பதாகக் கொண்டால், இம்மூன்று கோடுகளும் தெளிவுறும். அதே படத்தை 1920 × 1080 புள்ளிகளே உடைய திரையில் முழுமையாக அடக்கினால், திரைப்புள்ளி ஒன்று ஏறத்தாழ 3.8 நானோமீட்டரைக் குறிக்கும். சவ்வு முழுவதற்கும் இரண்டு புள்ளிகளே எஞ்சும். மூன்று கோடுகளை இரண்டு புள்ளிகள் காட்டுவது எங்ஙனம்? "இரு கோடுகளைக் காண்க" என்று பேசுபவர் சுட்டுவார். அவையோர் ஒரு கோட்டையே கண்டு, அவர் சொல்லை நம்பித் தலையசைப்பர். சான்று காட்டும் இடத்தில் சான்றே மறைந்துவிடுகிறது.

அவையின் கடைசி வரிசையையும் கருதுதல் வேண்டும். மனிதக் கண் 10 மீட்டர் தொலைவில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளியையே பிரித்தறியும். 3 மீட்டர் அகலத் திரையில் ஒரு புள்ளியின் அளவு அதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே முழுப்படத்தை முதலில் காட்டி, வேண்டிய பகுதியைக் கட்டமிட்டுச் சுட்டி, அப்பகுதியை மட்டும் அடுத்த காட்சியில் பெரிதாக்கிக் காட்டுதலே தக்கது. படப்புள்ளி ஒன்றுக்குத் திரைப்புள்ளிகள் இரண்டிரண்டாக நான்கு அமையுமாறு பெரிதாக்கலாம். இதனால் புதிய நுட்பம் எதுவும் தோன்றிவிடாது. இருப்பது கண்ணுக்கு எட்டும், அவ்வளவே.

"50,000 மடங்கு" என்று படத்தடியில் எழுதும் வழக்கம் திரைக்குப் பொருந்தாது. திரை பெரிதாகுந்தோறும் அவ்வெண் பொய்யாகிவிடும். படத்தினுள்ளேயே பொறிக்கப்படும் அளவுகோடு படத்தோடு சேர்ந்தே வளரும், சுருங்கும். எனவே அது பிழைபடாது. கோட்டின் மேல் "100 நானோமீட்டர்" என்பதைக் கடைசி வரிசையினரும் படிக்கத்தக்க அளவில் எழுதுதல் வேண்டும்.

படத்தைச் சேமிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவது. மிகுதியாகச் சுருக்கினால் அக்கட்டங்களின் விளிம்புகள் செல்லின் உறுப்புகள் போலவே தோன்றக்கூடும். இழப்பின்றிச் சேமிக்கும் பிஎன்ஜி, டிஃப் முறைகளில் இத்தொல்லை இல்லை. ஒளிர்சாயப் படங்களில் சிவப்பும் பச்சையும் இணைவதை அவையிலுள்ள நிறக்குருடர் பிரித்தறியார். பச்சைக்கு இணையாக மெஜந்தா நிறத்தைக் கொள்வது அவர்க்கும் உதவும்.