திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் குடும்பங்களும் மகளிர் உரிமைத் தொகையும்: மதிப்பீட்டு நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், தகுதியுடைய குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் செலுத்துகிறது. இத்தகைய திட்டத்தின் பயனைத் திருப்பூர் போன்றதொரு தொழில் நகரத்தில் எவ்வாறு அளப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். திட்டத்தின் தகுதி வரம்புகள் பனியன் தொழிலின் வருமான இயல்போடு பொருந்தாத இடங்களும், ஒப்பீட்டுக் குழுவை அமைப்பதிலுள்ள சிக்கல்களும், அளக்கப்பட வேண்டிய விளைவுகளும் இதில் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறுதிசெய்யப்பட்ட வருமானம், மகளிர் உரிமைத் தொகை, திருப்பூர், பின்னலாடைத் தொழில், தாக்க மதிப்பீடு, புலம்பெயர் தொழிலாளர்.

முன்னுரை

குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகையை, இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தாமல் வழங்குவதை உறுதிசெய்யப்பட்ட வருமானம் என்பர். குடிமக்கள் அனைவருக்கும் உரிய அடிப்படை வருமானத்திலிருந்து இது வேறுபட்டது; இதற்குத் தகுதி வரம்பு உண்டு. இந்தியாவில் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை அடிப்படை வருமானத்திற்கெனத் தனி இயல் ஒதுக்கியபின் அறிஞரிடையே விவாதம் விரிந்தது. ஆயினும் நடைமுறையில் நிலைபெற்றவை மாநில அரசுகள் மகளிருக்கு வழங்கும் மாதத் தொகைகளே. அவற்றுள் தமிழ்நாட்டுத் திட்டம் தன் பெயரிலேயே ஒரு கருத்தை முன்வைக்கிறது. ‘உதவி’ என்னாது ‘உரிமை’ என்றது, ஊதியமில்லாத வீட்டுழைப்பிற்கு அரசு அளிக்கும் ஏற்பாக இத்தொகையைக் கருத வேண்டும் என்பதனால் ஆகும்.

திட்டத்திற்கு ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. முதற்கட்டமாக 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் தகுதி பெற்றனர். மேல்முறையீடுகளின் வழியாக 2023 நவம்பரில் மேலும் ஏறத்தாழ 7 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். 2024-25ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை இதற்கு 13,720 கோடி ரூபாய் ஒதுக்கியது. இவ்வளவு பெருந்தொகை செலவிடப்படும் திட்டம் தன் நோக்கத்தை எந்த அளவு நிறைவேற்றுகிறது என்னும் வினாவிற்கு, பயனாளிகளின் எண்ணிக்கையை மட்டும் விடையாகத் தர இயலாது.

பிற மதிப்பீடுகள் காட்டும் வழி

கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரம் 2019 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் 125 பேருக்கு மாதம் 500 டாலர் வழங்கியது. சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்பட்ட இவர்களுள் முழுநேர வேலையில் இருந்தோர் முதலாண்டில் 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் அந்த உயர்வு 32இலிருந்து 37 வரையே. பணம் கொடுத்தால் மக்கள் வேலையை விட்டுவிடுவர் என்ற அச்சத்திற்கு இது மறுப்பாக எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் 2024இல் வெளிவந்த டெக்சாஸ், இல்லினாய் மாநில ஆய்வு வேறு விடை தந்தது. அங்கு 1,000 பேருக்கு மூன்றாண்டுகள் மாதம் 1,000 டாலர் வழங்கப்பட்டது. பெற்றோரின் வேலை நேரம் வாரத்திற்கு ஏறத்தாழ 1.3 மணி குறைந்தது. ஆய்வின் அளவும் காலமும் இடமும் மாறும்போது விடையும் மாறுகிறது என்பதே இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படிப்போர் பெறும் பாடம்.

திருப்பூருக்கு இவற்றினும் நெருக்கமானது மத்தியப் பிரதேச முன்னோடித் திட்டம். சேவா அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் 2011-12இல் எட்டுச் சிற்றூர்களில் குடும்பத்தார் அனைவருக்கும் மாதத் தொகை வழங்கிப் பன்னிரண்டு சிற்றூர்களோடு ஒப்பிட்டன. அங்கு மக்கள் உழைப்பைக் குறைக்கவில்லை. உழைப்பின் வகையை மாற்றிக்கொண்டனர். பிறர் நிலத்தில் கூலிக்குச் சென்றவர், குறிப்பாகப் பெண்கள், தம் சொந்த நிலத்தில் கூடுதல் நாட்கள் உழைத்தனர். நிலமற்ற பனியன் தொழிலாளியிடம் இதற்கு இணையான மாற்றம் எவ்வடிவில் தோன்றும் என்பது திருப்பூரில் கேட்கப்பட வேண்டிய வினா.

தகுதி வரம்பும் வாரக் கூலியும்

திட்டத்தின் முதன்மை வரம்புகள் மூன்று: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும். நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் இருத்தல் வேண்டும். வீட்டு மின் நுகர்வு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருத்தல் வேண்டும். நிலவரம்பு திருப்பூர் நகரத் தொழிலாளரைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மற்ற இரண்டும் தொடுகின்றன; அவை தொடும் விதம் நுணுகி நோக்கத்தக்கது.

பனியன் கம்பெனிகளில் கூலி மாதச் சம்பளமாக அன்றிச் சனிக்கிழமை தோறும் வாரக் கூலியாகக் கணக்கிடப்படுகிறது. பவர் டேபிள் தையலர் பலர் பீஸ் ரேட்டில் உழைக்கின்றனர். செக்கிங், கைமடி, பேக்கிங் பகுதிகளில் ஷிப்ட் கணக்கு. ஏற்றுமதி ஆர்டர் மிகும் காலத்தில் ஒன்றரை ஷிப்டும் அதற்கு மேலும் வேலை உண்டு. ஆர்டர் குறையும் காலத்தில் வாரத்திற்கு மூன்று நான்கு நாளே வேலை. கணக்கிற்காக ஒரு குடும்பத்தைக் கொள்ளலாம். கணவனும் மனைவியும் நாளொன்றுக்குத் தலா 450 ரூபாய் வீதம் மாதம் 26 நாள் உழைத்தால் அவர்களது ஆண்டு வருமானம் 2,80,800 ரூபாய். இக்குடும்பம் வரம்பிற்கு வெளியே நிற்கும். அதே குடும்பத்திற்கு ஆண்டில் இரண்டு மாதம் வேலையில்லாமல் போனால் வருமானம் 2,34,000 ரூபாய். இப்போது வரம்பிற்கு உட்பட்டுவிடுகிறது. கூலி விகிதமும் திறனும் வாழ்நிலையும் மாறவில்லை. ஆர்டர் மட்டுமே மாறியது. ஆண்டு வருமானம் என்னும் ஒற்றை எண், ஏற்ற இறக்கமே இயல்பாகிய ஒரு தொழிலில் வறுமையை அளக்கும் கருவியாகாது.

இதனோடு வேறொரு விளைவும் இணைகிறது. வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதியும் பிடிக்கும் நிறுவனத்தில் வேலை செய்வோரின் கூலி ஏடுகளில் பதிவாகிறது. சிறு ஜாப் ஒர்க் கூடங்களிலும் வீட்டிலும் வேலை செய்வோரின் கூலி அவ்வாறு பதிவாவதில்லை. சரிபார்ப்பு எந்த அளவு ஏடுகளைச் சார்கிறதோ அந்த அளவு முறையான வேலையிலுள்ள குடும்பம் பாதகம் அடையும். முறைசார் வேலையை வளர்க்க விரும்பும் ஓர் அரசு கவனிக்க வேண்டிய முரண் இது.

மின் நுகர்வு வரம்பு மேலோட்டமாகக் காண்கையில் நடுநிலையானது. மாதத்திற்கு 300 யூனிட், இரு மாதப் பட்டியலில் 600 யூனிட் என்பது எளிய குடும்பத்திற்குப் போதுமானதே. எனினும் திருப்பூர்த் தொழிலாளர் பலர் வாழும் லைன் வீடுகளில் ஒரே மின் இணைப்பைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொள்வதுண்டு. அத்தகைய இணைப்பின் அளவி ஒரு குடும்பத்தின் நுகர்வைக் காட்டாது. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து உழைக்கும் பெண்ணின் மின் பட்டியலும் வசதியின் அடையாளம் ஆகாது. அது அவளுடைய உற்பத்திச் செலவு.

ஒப்பீட்டுக் குழுவைத் தேடுதல்

ஸ்டாக்டனில் தொகை பெறாதோர் நகரம் முழுதும் இருந்தனர். தமிழ்நாட்டில் தகுதியுடையோர் ஏறக்குறைய ஒரே நாளில் சேர்க்கப்பட்டமையால் இயல்பான ஒப்பீட்டுக் குழு எஞ்சவில்லை. நிராகரிக்கப்பட்ட அரைக் கோடிக்கும் மேற்பட்ட விண்ணப்பதாரரை நேரடியாக ஒப்பிடுவது பிழை. அவர்களுள் வசதியுடையோரும் ஆவணக் குறைபாட்டால் விடுபட்ட ஏழையரும் கலந்துள்ளனர்.

எல்லைப்புள்ளி ஒப்பீடு ஒரு வழி. 3,600 யூனிட்டிற்குச் சற்றுக் கீழுள்ள குடும்பங்களும் சற்று மேலுள்ள குடும்பங்களும் பிற வகைகளில் ஒத்திருக்கும் எனக் கொண்டு அவற்றின் நிலையை ஒப்பிடலாம். விண்ணப்பிக்கும் காலத்திற்கு முந்தைய நுகர்வு முன்னரே பதிவாகிவிட்டதால் அதனைத் திருத்த இயலாது. இது அம்முறையின் வலிமை. தன்னறிவிப்பை ஒட்டிய வருமான எல்லைக்கு இவ்வலிமை இல்லை. ஆனால் 3,600 யூனிட் எல்லையில் நிற்பவை நடுத்தர நிலையை எட்டும் குடும்பங்கள். அங்கு கிடைக்கும் விடையை ஒற்றை அறையில் வாழும் தொழிலாளர் குடும்பத்திற்கு ஏற்றிச் சொல்ல முடியாது. இரண்டாம் வழி, 2023 செப்டம்பரில் தொகை பெற்றோரையும் மேல்முறையீட்டின்பின் பெற்றோரையும் ஒப்பிடுவது. இடைவெளி குறுகியது எனினும் இவ்விரு குழுவினரும் இறுதியில் தகுதியுடையோராகவே காணப்பட்டமையால் இவ்வொப்பீடு நேர்மையானது.

தேசிய அளவிலான குடும்ப நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பு ஒரு தற்செயலான வாய்ப்பையும் தருகிறது. 2022-23 சுற்று 2023 ஜூலையில் முடிந்தது. அடுத்த சுற்று 2023 ஆகஸ்டில் தொடங்கி 2024 ஜூலை வரை நடந்தது. இரண்டிற்கும் இடையே திட்டத்தின் தொடக்கம் ஏறத்தாழ அமைந்துவிட்டது. ஆயினும் இவை ஒரே குடும்பங்களைப் பின்தொடரும் கணக்கெடுப்புகள் அல்ல. மாநில அளவில் பேசத்தக்கவை, ஒரு மாவட்டத்தைப் பற்றித் துணிந்து பேச உதவா.

வேறு திட்டங்களின் குறுக்கீட்டையும் பிரித்தறிய வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. உரிமைத் தொகைக்கு நிகரான ஒரு தொகை அதற்கு ஈராண்டு முன்னரே குடும்பங்களைச் சென்றடைந்துவிட்டது எனலாம். கம்பெனி வண்டியில் வேலைக்குச் செல்லும் திருப்பூர்ப் பெண்ணுக்கு இம்மிச்சம் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டின் பயனையும் தனித்தனியே காண இந்நகரம் பொருத்தமான களமாகிறது.

எதை அளப்பது

மதிப்பீடுகள் பெரும்பாலும் முதலில் கேட்பது வேலை குறைந்ததா என்பதே. திருப்பூரில் இவ்வினாவை அப்படியே கேட்பது பொருத்தமற்றது. ஓரிரு நாள் கூலியை ஒத்த தொகைக்காக எவரும் வேலையை விடப்போவதில்லை. நுட்பமான மாற்றம் நிகழக்கூடிய இடம் ஓவர்டைம். இரவு பத்து மணி வரை நீளும் ஷிப்டை மாதத்தில் இருமுறை மறுக்கும் துணிவை இத்தொகை ஒரு தாய்க்குத் தருமாயின், கணக்கேட்டில் அது ‘உழைப்புக் குறைவு’ என்றே பதியும். அதனைத் திட்டத்தின் தோல்வியாக எண்ணும் மதிப்பீடு உரிமை என்ற சொல்லையே பொருளற்றதாக்கிவிடும். எனவே வேலை நாட்களோடு வேலை நேரத்தின் வகையும் கேட்டறியப்பட வேண்டும்.

கடன் மற்றொரு களம். மாதத் தொகை மாதத்தின் நடுவில் வருகிறது. கூலி சனிக்கிழமை வருகிறது. மகளிர் குழுக் கடனுக்கும் நுண்கடன் நிறுவனத்திற்கும் தவணை நாள் வேறு. இவை மூன்றும் ஒரு வீட்டில் எவ்வாறு பின்னிச் செல்கின்றன என்பதை ஆண்டிற்கொருமுறை நிகழும் கணக்கெடுப்பு காட்டாது. வாரந்தோறும் எழுதப்படும் வரவு செலவுக் குறிப்பேடே காட்டும். ஒப்பந்தக்காரரிடம் பெறும் அட்வான்ஸ் குறைகிறதா என்பது இதில் முதன்மையானது. அட்வான்ஸ் பெற்றவர் கூலி பேரம் பேசவோ கம்பெனி மாறவோ எளிதில் இயலாது.

பரவலாக வழங்கப்படும் தொகை சந்தையையும் மாற்றும். 125 பேருக்கு வழங்கிய ஸ்டாக்டனில் வீட்டு வாடகை உயர வழியில்லை. ஒரு வீதி முழுதும் பெறும் இடத்தில் வீட்டு உரிமையாளர் அதனை அறிவார். கென்யாவில் பரவலாகப் பணம் வழங்கப்பட்டபோது விலைவாசி மிகச் சிறிதளவே உயர்ந்தது என்றும், செலுத்திய பணத்தைப்போல் ஏறத்தாழ 2.5 மடங்கு பொருளாதார நடவடிக்கை பெருகியது என்றும் 2022இல் வெளியான ஆய்வு கண்டது. ஆனால் அது வேளாண் சிற்றூர். வாடகை வீடு பற்றாக்குறையான திருப்பூரில் இம்முடிவைச் சோதிக்காமல் ஏற்பதற்கில்லை.

தொகையின் உண்மை மதிப்பும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பனியன் தொழிலாளர் 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது பஞ்சப்படிக்காக. விலை ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்னும் கோட்பாடு இந்நகரத்தின் தொழிற்சங்க வரலாற்றில் ஆழப் பதிந்தது. 2023இல் விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்படாமல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாயோ ஆண்டுதோறும் தேய்கிறது. முதலாண்டின் பயனும் மூன்றாம் ஆண்டின் பயனும் ஒரே தொகையின் பயன் அல்ல.

அதிர்ச்சிக் காலமும் விடுபட்டோரும்

இத்தொகை வேலையிழப்பின்போது எந்த அளவு தாங்குகிறது என்பதே திருப்பூரில் முதன்மையான சோதனை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் நொய்யல் படுகையின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அத்தகைய ஆதாரம் எதுவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்நாட்டிற்கே செல்வது. அமெரிக்க ஆர்டரைச் சார்ந்த கம்பெனிகளின் தொழிலாளர் குடும்பங்களையும் ஐரோப்பிய அல்லது உள்நாட்டுச் சந்தையைச் சார்ந்தவற்றின் குடும்பங்களையும், தொகை பெறுவோர் பெறாதோர் என மேலும் பிரித்து ஒப்பிட்டால், பள்ளிக் கட்டணம், அடகு வைத்த நகை, வாடகைப் பாக்கி ஆகியவற்றில் வேறுபாடு தெரியும். இவ்வாய்வைக் காலம் கடத்தாமல் செய்ய வேண்டும். அடகுச் சீட்டுகளும் வாடகைக் குறிப்புகளும் நெடுநாள் பாதுகாக்கப்படுவதில்லை.

திட்டத்தின் பயனாளிப் பட்டியல் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது; ஓர் அட்டைக்கு ஒரு பெண். இதனால் மாவட்ட வாரியான எண்ணிக்கை திருப்பூரின் உண்மையைக் காட்டுவதில்லை. தேனி, திண்டுக்கல், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து தங்கியோர் பலரின் அட்டை சொந்த ஊரிலேயே உள்ளது. தொகை வங்கிக் கணக்கில் வருவதால் அவர்கள் பயன்பெறக்கூடும். ஆனால் கணக்கில் அவர்கள் அம்மாவட்டத்தார். விடுதியில் தங்கி நூற்பாலையில் உழைக்கும் மணமாகாத பெண்ணின் வீட்டில் தொகை பெறுபவர் ஊரிலுள்ள தாய். அப்பெண் வீட்டிற்கு அனுப்பும் பணம் அதனால் குறைந்து அவளுடைய கையில் சற்று மிஞ்சுகிறதா என்பதைத் திருப்பூர் விடுதியில்தான் கேட்டறிய முடியும்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் அறவே விடுபடுகின்றனர். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ ஏற்பாட்டில் அவர்கள் இங்கு தானியம் பெறலாம். உரிமைத் தொகைக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். ஒரே தளத்தில் அடுத்தடுத்த இயந்திரங்களில் தைக்கும் இரு பெண்களுள் ஒருத்திக்கு மாதம் 1,000 ரூபாய் கூடுதல் ஆதாரம் உண்டு, மற்றவளுக்கு இல்லை என்னும் நிலை இதனால் உருவாகிறது. ஓவர்டைமை மறுக்கும் பெண்ணுக்குப் பதிலாக மறுக்க இயலாத பெண் அமர்த்தப்படுகிறாளா? அவ்வாறாயின் உரிமைத் தொகையின் விளைவு அதைப் பெறாதவளின் வேலை நேரத்திலும் பதிந்திருக்கும். பயனாளிகளை மட்டும் நேர்காணும் கணக்கெடுப்பு அதைக் காணாது. எனவே திருப்பூரில் மாதிரித் தெரிவின் தொடக்கப் புள்ளி குடும்ப அட்டைப் பட்டியலாக அன்றித் தொழிற்கூடத்தின் வருகைப் பதிவேடாகவும், பதிவேடே இல்லாத சிறு கூடங்களில் லைன் வீடுகளின் கதவெண் வரிசையாகவும் அமைதல் வேண்டும்.