புண் ஆறியும் ஆறாத வலி

நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. கிட்னி என்றும் சொல்வோம். இவை இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன. இரண்டும் கெட்டுப்போனவருக்கு வேறொருவர் ஒன்றைக் கொடுக்கலாம். மீதி ஒன்றை வைத்துக்கொண்டு கொடுத்தவர் வாழலாம்.

பெங்களூருவில் ஒரு தாய் தன் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மகன் தேறிவிட்டான். தாயின் தையலும் ஆறிவிட்டது. ஆனால் குடம் தூக்கினால் விலாவில் சுரீர் என்று குத்துகிறது. படுத்தால் எரிகிறது. சேலை உரசினாலும் கூசுகிறது. ஆறு மாதம் ஆகியும் விடவில்லை. பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வலிக்கிறது என்று சொல்ல அந்தத் தாய்க்கு மனம் வரவில்லை. ஒருநாள் சொன்னார். "புண்தான் ஆறிவிட்டதே, எல்லாம் உன் நினைப்பு" என்றார்கள் வீட்டில்.

அது நினைப்பு அல்ல. உண்மையான வலி.

விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டிச் சிறுநீரகத்தை எடுப்பது பழைய முறை. தோலோடு தசையும் வெட்டுப்படும். அங்கே மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. வலியை மூளைக்குச் சொல்பவை இவைதான். வெட்டும்போது இவை அறுபடலாம், நசுங்கலாம். தோல் ஆறிய பிறகும் அடிபட்ட நரம்பு தப்பான சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். எரிச்சலும் மரத்துப்போவதும் அதனால்தான். இப்போது சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தும் அறுவை செய்கிறார்கள். அதில் வலி குறைவு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் போய்விடும். மூன்று மாதம் தாண்டியும் வலித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்துக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. இரண்டு இருப்பவருக்கே ஆபத்து. ஒன்றுதான் இருக்கிறவருக்கு? நரம்பு வலிக்கு வேறு மாத்திரைகள் உண்டு. டாக்டர் அளவு பார்த்துத் தருவார்.

வலியைச் சொல்லவே வழியில்லாதவர்களும் உண்டு. சிறுநீரகத்தை விற்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 1995 ஜனவரியில் பெங்களூருவில் பெரிய சிறுநீரக விற்பனை வெளியே வந்தது. வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள் என்று ஏழைகள் புகார் சொன்னார்கள். 2001-ல் சென்னையில், சிறுநீரகத்தை விற்ற 305 பேரிடம் விசாரித்தார்கள். அநேகமாக எல்லோரும் கடனை அடைக்க விற்றவர்கள். பாதிப் பேருக்கு அறுத்த இடத்தில் வலி போகவில்லை. மூன்றில் ஒருவருக்கு முதுகுவலி. மூட்டை தூக்கிப் பிழைப்பவர் இந்த வலியோடு எப்படி வேலைக்குப் போவார்? பலருக்கு வருமானம் குறைந்தது. நான்கில் மூன்று பேருக்குக் கடனும் தீரவில்லை.

அந்தத் தாய்க்கு வழி இருக்கிறது. பெங்களூரு விக்டோரியா மருத்துவமனை வளாகத்திலேயே அரசின் சிறுநீரக மருத்துவமனை இருக்கிறது. அறுவை செய்தபோது கொடுத்த சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு ஒரு சிறுநீரகம்தான்" என்று முதலில் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா என்பதையும் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர் மூன்றையும் வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.