வழி சொல்லும் பெட்டியும் வண்டி ஓட்டும் மனிதரும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



புது வண்டி வாங்கினால் நம் மக்கள் முதலில் கோவிலுக்குத்தான் கொண்டுவருவார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் குடும்பத்தார் ஏறுவார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே மாதாவின் சிறு சுரூபம் இருக்கும். செபமாலை ஒன்று தொங்கும். சில வண்டிகளில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்தோபரின் படமும் உண்டு. சில ஆண்டுகளாக இவற்றின் பக்கத்தில் இன்னொன்றும் இடம்பிடித்திருக்கிறது. உள்ளங்கை அளவுப் பெட்டி. ரப்பர் கப்பால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொல்லிப் பேசும். ஜி.பி.எஸ். வழிகாட்டி என்கிறோம். இப்போது கைப்பேசியிலேயே இந்த வேலை நடந்துவிடுகிறது. ஆனாலும் தனிப் பெட்டியையே விரும்பும் வேன் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். சிக்னல் கிடைக்காத ஊரிலும் அது பேசும். நடுவழியில் யாரும் அதற்குப் போன் செய்து தொந்தரவு பண்ணமாட்டார்கள்.

ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள் விழா வரை எத்தனையோ வண்டிகள் அந்தத் திசையில் ஓடும். அதனால் இன்று இந்தப் பெட்டியைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன்.

மேலேயிருந்து ஒரு செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே வழி சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அந்தக் கோள்கள் இரண்டே செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றன: நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது. கோவில் மணியைப்போல எல்லாருக்கும் பொதுவாக ஒலிக்கும், கேட்கிறவர் கேட்டுக்கொள்ளலாம். வண்டியிலிருக்கும் பெட்டியும், நீங்கள் இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியைப்போல, செயற்கைக்கோளைக் கேட்க மட்டுமே செய்கிறது.

அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வந்தாலும், நம்மை எட்ட ஒரு வினாடியில் நூறில் ஏழு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கிடைத்துவிட்டால், நாம் நிற்கும் இடம் சில மீட்டர் வித்தியாசத்தில் தெரிந்துவிடும். இதில் கடிகாரம்தான் உயிர். நேரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் அந்தக் கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் கடிகாரம் பூமியில் ஓடுவதைவிட ஒரு துளி வேகமாக ஓடும் என்பதையும், ஐன்ஸ்டீனின் கொள்கைப்படி கணக்கிட்டுத் திருத்தி வைத்திருக்கிறார்கள். மனித அறிவு இறைவன் தந்த கொடை என்று சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டாம்.

ஆனால் இத்தனை கணக்கும் சேர்ந்து பெட்டிக்குச் சொல்வது, நீ நிற்கும் இடம் இது என்பதை மட்டும்தான். சாலை எங்கே போகிறது, பாலம் இருக்கிறதா, தெரு ஒருவழியா என்பதெல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை. அவை பெட்டிக்குள் இருக்கும் வரைபடத்திலிருந்து வருகின்றன. அந்த வரைபடத்தை நம்மைப் போன்ற மனிதர்கள் என்றோ ஒருநாள் வரைந்து உள்ளே போட்டார்கள். இடம் மேலிருந்து வருகிறது, வழி மனிதரிடமிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே குரல் சொல்வதால் நாம் இரண்டையும் ஒரே அளவு நம்பிவிடுகிறோம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து மகன் ஆசையாகக் கொண்டுவந்து தந்த பெட்டி என்றால், அதில் நம் நாட்டு வரைபடமே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து புதுப்பிக்காத வரைபடத்துக்கு அதன்பிறகு போட்ட புறவழிச்சாலை தெரியாது. பழைய சாலையை மறித்துப் போட்ட நடுச்சுவரும் தெரியாது. மேம்பாலத்தின் மேல் போகிறீர்களா, அதை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் போகிறீர்களா என்பது சில மீட்டர் வித்தியாசம்; பெட்டி அங்கே தடுமாறும். விழாக் காலத்தில் போலீசார் செய்யும் போக்குவரத்து மாற்றம் அன்று காலை வந்தது. பெட்டிக்கு எப்படித் தெரியும்? போலீஸ்காரர் கை காட்டுகிற திசையில் போங்கள். பெட்டி சற்று நேரம் முணுமுணுத்துவிட்டுப் பிறகு புது வழி கணக்குப் போட்டுக்கொள்ளும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். வேளாங்கண்ணியை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். சென்னை பெசன்ட் நகரிலும் அன்னை வேளாங்கண்ணி திருத்தலம் இருக்கிறது. மாதாவின் அந்தப் பெயரில் கோவில்கள் இன்னும் பல ஊர்களில் உண்டு. பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டுவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று பாருங்கள். திருச்சியிலிருந்து போகிறவருக்கு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று ஊர்கள் வரிசையாக மனத்தில் இருந்தால், பெட்டி எங்காவது இழுத்துக்கொண்டு போகும்போது உடனே தெரிந்துவிடும். மிகக் குறுகிய வழி என்ற அமைப்பை மாற்றிவிடுங்கள். நாலு கிலோமீட்டர் மிச்சம் என்று அது உங்களை வெண்ணாற்றங்கரையிலோ வெட்டாற்றங்கரையிலோ இறக்கிவிடும். அந்தக் கரைச் சாலையின் அகலமும், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வரும் என்பதும், வலப்பக்கம் ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடுகிறது என்பதும் அதற்குத் தெரியாது.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ராமகங்கை ஆற்றின் மேலிருந்த பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வழிகாட்டியின் வரைபடத்தில் பாலம் முழுதாக இருந்தது. அதை நம்பிக் காரில் போன மூன்று பேர் ஆற்றுக்குள் விழுந்து இறந்தார்கள். இறந்தவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை; சாலையை மறித்துச் சரியான தடுப்பு வைக்காதவர்களின் பொறுப்பு பெரியது. அவர்களுக்காகச் செபிப்போம். ஆனால் நாம் வண்டியில் உட்காரும்போது அந்தப் பாலத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள், அலாஸ்காவிலிருந்து சியோல் நோக்கிப் புறப்பட்ட கொரியப் பயணிகள் விமானம் வழி விலகிச் சோவியத் நாட்டின் வான்வெளிக்குள் நுழைந்தது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். விமானத்தில் வழிகாட்டும் கருவிகள் இல்லாமல் இல்லை. தானாக ஓட்டும் அமைப்பு அந்தக் கருவிகளின் சொற்படி போகாமல், ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு பறந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக விமானிகள் அதைக் கவனிக்கவில்லை என்று சர்வதேச விசாரணை முடிவு செய்தது. அந்தத் துயரத்துக்குப் பின்தான், அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜி.பி.எஸ். முழுமை பெற்றதும் உலகமக்கள் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கினார்கள். நம் வண்டியில் பேசும் பெட்டிக்குப் பின்னால் அந்த 269 பேரும் இருக்கிறார்கள்.

திருச்சபையின் மறைவல்லுநர் புனித தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் நற்பண்பை ஆராயும்போது, அதற்கு எட்டுக் கூறுகள் இருப்பதாகச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று, பிறர் சொல்வதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் பணிவு. இன்னொன்று, சுற்றுமுற்றும் பார்த்து நிலைமையை எடைபோடும் கவனம். முதலாவது மட்டும் இருந்தால் பெட்டி சொன்னபடி ஆற்றுக்குள் போவோம். இரண்டாவது மட்டும் இருந்தால், எனக்குத் தெரியாத வழியா என்று பெட்டியை அணைத்துவிட்டு ஊரைச் சுற்றுவோம். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அந்த ரகம். வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். விபத்து நடந்தபின், அது சொன்னது, நான் போனேன் என்பது பதில் ஆகாது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏறக்குறைய அப்படித்தான் பதில் சொன்னார். வழியைப் பெட்டி சொல்லலாம். போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது ஓட்டுகிறவரின் மனச்சான்று.

ஒரு வேன் ஓட்டுநர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "சாமி, இது இருக்கும்போது இனிமேல் யாரையும் வழி கேட்கத் தேவையே இல்லை." அவர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மத்தேயு நற்செய்தியில் வரும் ஞானிகளை நினைத்துப்பாருங்கள். அவர்களுக்கு விண்மீனே வழிகாட்டியது. அப்படியிருந்தும் எருசலேமுக்கு வந்ததும் கௌரவம் பார்க்காமல் விசாரித்தார்கள். மறைநூல் அறிஞர்கள் பெத்லகேம் என்று சரியான பதிலும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. திரும்பும்போது ஞானிகள் வேறு வழியாகப் போனார்கள். நேற்று இரவு எந்தப் பாலம் உடைந்தது, எந்தச் சாலையில் திருவிழாப் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்பது முக்குக் கடையில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரியும். "அண்ணே, இந்த ரோடு நேராப் போகுமா?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.

செய்ய வேண்டியது சிரமமில்லை. பல நாள் அணைத்து வைத்திருந்த பெட்டிக்குச் செயற்கைக்கோள்களைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். மரத்தடியிலோ கட்டடத்துக்குள்ளோ இன்னும் நேரமாகும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, ஊர்ப் பெயரைப் போட்டு, முழு வழியையும் ஒருமுறை பாருங்கள். பெட்டியைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டாமல், சாலையை மறைக்காத கீழ்மூலையில் வையுங்கள். ஓட்டும்போது அதைத் தொட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் தங்கச்சியோ மச்சானோ தொடட்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால், வண்டி 33 மீட்டர் குருட்டுத்தனமாக ஓடிவிடுகிறது. இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்த கண்ணுக்கு இருட்டில் இருப்பது தெரியாது.

இந்த நாள்களில் அந்த இருட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள். காவி உடுத்தி, மாதாவின் சுரூபம் வைத்த சிறு தேரைத் தள்ளிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியற்காலையிலும் சாலையோரமாக நடந்து போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்தே வருகிறவர்கள் உண்டு. கால் வலி தாங்காமல் அப்படியே ஓரத்தில் படுத்திருப்பவர்களும் உண்டு. எந்தச் செயற்கைக்கோளும் அவர்களைக் காட்டாது, எந்த வரைபடத்திலும் அவர்கள் இல்லை. தேர் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், எதிரில் நடந்துவருகிறவர்களின் கண் கூசாதபடி விளக்கைத் தாழ்த்துங்கள். நடந்து போகிறவர்களே, நீங்களும் குழுவில் கடைசியாக நடப்பவரின் முதுகில் ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒன்றை ஒட்டி அனுப்புங்கள். சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.